கடைசி வரிசையில் ஹனுமவ்வா

மல்லாபுர
3 டிசம்பர் 1993

அக்காவுக்குச் சங்கமேஷின் வணக்கம். அவ்வாவுக்கு ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு என்று முதலில் எழுது. பெற்ற மகளிடமே மாத்திரையை விழுங்கினேன் என்று சொல்லிவிட்டுத் தலையணைக்கடியில் வைக்கிறாளா என்றும் பார். நான் சௌக்கியம்.

சட்ட மாணவர் சங்கத் தேர்தல் முடிவு திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, முதல்வர் கையெழுத்துடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் நான் செயலாளர். "சங்கம்னா கொடி பிடிக்கறதாடா?" என்று அவ்வா கேட்டதாக எழுதியிருந்தாய். கொடியெல்லாம் இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பழைய புத்தகம் வாங்கிக் கொடுப்பது, திங்கட்கிழமைதோறும் விவாதம், சுவர்ப் பத்திரிகை, பிப்ரவரியில் மாநில அளவில் மாதிரி நீதிமன்றப் போட்டி, அதாவது கற்பனை வழக்கில் மாணவர்கள் வக்கீலைப் போல வாதாடுவது. தலைவர் எப்போதும் இறுதியாண்டு மாணவர். மாலை வாங்குவது தலைவர், நாற்காலி போடுவது செயலாளர் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு.

எனக்குப் பிடித்தது சனிக்கிழமை நடக்கும் இலவச சட்ட உதவி மையம். பழைய நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறோம். மாணவர்கள் கையெழுத்துப் போட்டு எதையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியாது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வக்கீல் கரகுத்ரி வந்து, ஒரே கட்டாக வைத்திருக்கிற மனுக்களைப் படித்துக் கையெழுத்திட்டு எடுத்துப் போவார். வருகிற ஒவ்வொருவரிடமும் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். பதிவேடு என் பொறுப்பு.

நீ அனுப்பிய கடலைச் சட்னிப்பொடி மூன்று நாளில் தீர்ந்தது. அதில் நான் தின்றது ஒரு நாள் பங்குதான்.

உன் தம்பி
சங்கமேஷ்

---

ஹொசகேரி
11 ஜனவரி 1994

அன்புள்ள தம்பிக்கு அக்கா மகாதேவி எழுதுவது. அவ்வாவுக்கு நூற்று அறுபதிலிருந்து நூற்று நாற்பதுக்கு இறங்கியிருக்கிறது. சங்கராந்திக்கு நீ வரவில்லை என்று எள்ளும் வெல்லமும் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டு ஆயா ஹனுமவ்வாவுக்கு நேற்றுப் பகல் பன்னிரண்டரைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு வருடம் தண்டனை சொன்னார்கள். நான் வெளியே நின்றிருந்தேன். பெஞ்சு கிளார்க்கிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். மேல்முறையீடு செய்வதற்காகத் தண்டனையை முப்பது நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் பிப்ரவரி 9. அதற்குள் மேல்கோர்ட்டில் மனு ஏறாவிட்டால் போலீஸ் வந்து அழைத்துப் போகும்.

விஷயம் உனக்குத் தெரியும். போன ஜூனில் பிரசவ வார்டில் ஒருத்தியின் சங்கிலி காணாமல் போனது. ஹனுமவ்வா துவைக்கத் தூக்கிப்போன அழுக்குத் துணி மூட்டையில் அது கிடைத்தது. அந்த மூட்டையை அன்று நான்கு பேர் தொட்டார்கள், கட்டியது வேறொருத்தி. தலையில் வைத்துப் போனது இவள். அவளுக்காக வாதாடிய வக்கீல், மேல்முறையீடு தன் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்.

புருஷன் இல்லாதவள். மகள் ரேணவ்வாவுக்கு ஏப்ரலில் தலைப்பிரசவம். "பொண்ணு வலியெடுத்துக் கத்தும்போது நான் உள்ள இருப்பேனாக்கா?" என்று நேற்றிலிருந்து அதையே கேட்கிறாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தீர்ப்பு நகலோடு உன்னிடம் அனுப்புகிறேன். நீ இருக்கிறாய் என்று சொல்லித்தான் அவளைச் சாப்பிட வைத்தேன்.

அக்கா

---

மல்லாபுர
17 ஜனவரி 1994

அக்காவுக்கு வணக்கம். எள்ளு வெல்லம் வந்தது. அவ்வாவிடம் நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன் என்று சொல்.

ஹனுமவ்வா சனிக்கிழமை பத்தரை மணிக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, மேசை, அலமாரி, என் முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுதான் கோர்ட்டாப்பா?" என்றாள். "இல்லம்மா, நாங்க கோர்ட்டுக்கு எழுதித் தர்றவங்க" என்றேன். "அப்ப கொஞ்சம் பெரிசாவே எழுது, கோர்ட்டுக்குக் கண்ணு தெரியலை" என்றாள். பதிவேட்டில் அவள் எண் 41. மனுவை நானே எழுதி முடித்துவிட்டேன்.

போட்டி அமைப்பாளன் ஹெப்பள்ளி தீர்ப்பு நகலை மூன்று முறை படித்தான். "சங்கு, இது வெறும் கேஸ் இல்லடா. மூட்டையைச் சுமந்தவ, மூட்டைக்குள்ள இருந்ததையும் வச்சிருந்தவளா? பத்து வருஷப் போட்டிக் கேள்வித்தாளைப் புரட்டு, இப்படி ஒண்ணு கிடைக்காது" என்றான்.

கரகுத்ரி 29ஆம் தேதி வருகிறார். கெடுவுக்குப் பதினோரு நாள் முன்னால். நேரம் தாராளமாக இருக்கிறது. பயப்படாதே.

சங்கமேஷ்

---

ஹொசகேரி
31 ஜனவரி 1994

அன்புள்ள தம்பிக்கு. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இந்த வாரம் இரவுப் பணி. அவ்வாவைப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி பார்த்துக்கொள்கிறாள்.

ஹனுமவ்வா 22ஆம் தேதியும் வந்தாள், முந்தாநாள் 29ஆம் தேதியும் வந்தாள். இரண்டு முறையும் கைநாட்டு வாங்கிக்கொண்டு, "நடக்குது, அடுத்த வாரம் வாங்க" என்றார்களாம். நீ அறையில் இல்லையாம். முந்தாநாள் உட்கார்ந்திருந்த வக்கீல் தன் பெயரைக் கூப்பிடவே இல்லை என்கிறாள். அது சரிதானா, அவளுக்குக் காதில் விழவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மனு கோர்ட்டில் ஏறினால் ஒரு எண் கொடுப்பார்களாமே. அந்த எண்ணை எழுது. எங்கள் சூப்பரின்டெண்ட் கேட்கிறார். எண் இருந்தால் அவளைத் தினக்கூலியில் வைத்துக்கொள்வாராம்.

மறுதபாலில் எழுது.

அக்கா

---

மல்லாபுர
8 பிப்ரவரி 1994

அக்காவுக்கு வணக்கம். இரவுப் பணி முடிந்ததா? பகலில் தூங்குகிறாயா?

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பதினாறு கல்லூரி அணிகள் வருகின்றன. இதுவரை இவ்வளவு வந்ததில்லை என்று எங்கள் ஆலோசகர் பேராசிரியர் இனாம்தாரே சொன்னார். ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் இறுதிச் சுற்றுக்கு நடுவராக ஒப்புக்கொண்டிருக்கிறார். அழைப்பிதழ் அச்சானதில் அவர் பெயர் இரண்டு முறை தப்பாக வந்தது. மூன்றாவது முறை அச்சகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு அங்கிகள் பத்து தேவை, ஏழுதான் கிடைத்திருக்கிறது. எங்கள் கல்லூரிக்காக நஸ்ரீன் என்ற மாணவி வாதாடுகிறாள். நன்றாகப் பேசுவாள். இறுதிச் சுற்று 12ஆம் தேதி, சனிக்கிழமை.

ஹனுமவ்வாவின் விஷயம் நல்ல கைகளில் இருக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம்தான் நியாயம் என்கிறார்கள்.

போட்டி முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன்.

சங்கமேஷ்

---

ஹொசகேரி
15 பிப்ரவரி 1994

அன்புள்ள தம்பிக்கு. அவ்வா சுகம். எனக்கு லேசாகச் சளி.

ஹனுமவ்வா சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஞாயிறு காலை வார்டில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். ஜட்ஜ் தன்னை விட்டுவிட்டார் என்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரிய ஹாலு. உசரத்துல ஜட்ஜய்யா. கறுப்புக் கோட்டு போட்ட புள்ளைங்க. ஒரு பொண்ணு எழுந்திரிச்சு, மூட்டையைத் தூக்கினவ ஏழைங்கறதுக்காகத் திருடியாயிடுவாளான்னு கேட்டா பாரு, எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சு. கண்ணுல தண்ணி அந்தப் பொண்ணுக்கு. ஜட்ஜய்யா எழுதிக்கிட்டே இருந்தாரு. கடைசியில எந்திரிச்சு, தண்டனை செல்லாதுன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க."

எட்டு மாதமாக இவளோடு கோர்ட் வாசலில் நின்றிருக்கிறேன். அங்கே யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

கெடு 9ஆம் தேதி. அவள் சொல்வது 12ஆம் தேதி. அந்தத் தேதியை உன் போன கடிதத்தில் படித்திருக்கிறேன். நான் தவறாக நினைக்கிறேன் என்றால் அப்படியே எழுது. தீர்ப்பு நகல் இருந்தால் அனுப்பு.

இங்கே யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வார்டு படியைக் கழுவுகிறாள்.

அக்கா

---

ஹொசகேரி
4 மார்ச் 1994

தம்பி,

நான் எழுதிப் பதினேழு நாளாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஹாஸ்டலுக்கு இரண்டு முறை டிரங்க் கால் போட்டேன். சங்கமேஷ் வெளியே போயிருக்கிறான் என்றார்கள். இரண்டாவது முறை அதைச் சொன்ன குரல் எனக்குத் தெரிந்த குரல்.

நேற்று, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ஹொசகேரி போலீசார் வாரண்டோடு வந்து ஹனுமவ்வாவை அழைத்துப் போனார்கள். வாரண்டை நான் வாங்கிப் படித்தேன். தேதியும் பெயரும் சரியாக இருந்தன. மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்று ஏட்டு சொன்னார். அவள் அவரிடம், "அண்ணா, நீங்க பேப்பர் பார்க்கலை. ஜட்ஜய்யா விட்டுட்டாரு. எங்க அக்கா தம்பிதான் நடத்தினான், அவனைக் கேளுங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அதுவரை காத்திருந்தார்.

இப்போது மாவட்டச் சிறையில் இருக்கிறாள். ரேணவ்வா என் வீட்டில் இருக்கிறாள். எட்டாம் மாதம் முடிந்துவிட்டது.

நீ நலமா என்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

அக்கா

---

மல்லாபுர
8 மார்ச் 1994

அக்காவுக்கு,

நீ நினைத்தது சரி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜனவரி 24 அன்று ஹெப்பள்ளி 41ஆம் எண் கோப்பைக் கேட்டான். போட்டிக்கான வழக்கை அதிலிருந்து தயாரிக்கிறேன், இரண்டு நாளில் தருகிறேன் என்றான். எடுத்துக் கொடுத்தது நான். பெயரை மாற்றினோம். ஹனுமவ்வா "முதல் மேல்முறையீட்டாளர்" ஆனாள், ஆஸ்பத்திரி தங்கும் விடுதி ஆனது. 29ஆம் தேதி கரகுத்ரி வந்து பதினொரு மனுவில் கையெழுத்திட்டுப் போனார். 41 அந்தக் கட்டில் இல்லை. நான் அச்சகத்தில் இருந்தேன். மேசையில் இருந்த முதலாண்டு மாணவிக்கு ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் சொல்வதையே ஹனுமவ்வாவுக்கும் சொல்லியிருக்கிறாள்.

உனக்கு 8ஆம் தேதி கடிதம் எழுதும்போது, கோப்பு கரகுத்ரியிடம் போயிருக்கும் என்று நம்பினேன். போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. 10ஆம் தேதி காலை, போட்டித் தாள்களுக்கு அடியில், நான் கட்டிய சிவப்பு நாடாவோடு அது கிடைத்தது. மனு, தீர்ப்பு நகல், எல்லாம் இருந்தன. ஒரு நாள் தாமதம். அன்றே கரகுத்ரியிடம் ஓடியிருந்தால் ஒரு நாளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். போட்டி முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. வெற்றிக் கோப்பை எங்களுக்குத்தான். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் தாமதத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அதை இருபத்தேழு நாள் ஆக்கினேன்.

இப்போது வழி இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி மனுப் போடலாம். பேராசிரியர் இனாம்தாரிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு மஞ்சள் காமாலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்குப்பா. பிப்ரவரி ஆறிலிருந்து படுத்த படுக்கைன்னு போட்டா போதும். எல்லா வக்கீலும் செய்யறதுதான். அந்தம்மாவும் வெளிய வரும், சங்கமும் பிழைக்கும்" என்றார். உங்கள் டாக்டரிடம் நீ கேட்டால் எழுதித் தருவார். கேட்பாயா?

சங்கமேஷ்

---

ஹொசகேரி
12 மார்ச் 1994

தம்பி,

சிவராத்திரி அன்று உன் கடிதம் கிடைத்தது. அவ்வா உபவாசத்தில் இருந்ததால் அவளிடம் படித்துக் காட்டவில்லை.

டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. பிப்ரவரி முழுவதும் அவள் தினமும் வார்டு படியைக் கழுவினாள். நாற்பது பேர் பார்த்தார்கள். சிறையில் சேர்க்கும்போது உடம்பைப் பரிசோதித்து ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். உன் பதிவேட்டை எடுத்துப் பார். ஜனவரி 15, 22, 29, பிப்ரவரி 5, 12. ஐந்து சனிக்கிழமை, ஐந்து கைநாட்டு. படுத்த படுக்கையாகக் கிடந்தவள் உங்கள் அறைக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அவளைத்தான் கேட்பார்கள். திருடி என்று ஒரு கோர்ட் எழுதிவிட்டது. பொய்க்காரி என்று இன்னொரு கோர்ட் எழுத நான் தாள் வாங்கித் தர மாட்டேன்.

இன்னொன்று. எனக்கு அவளைத் தெரியும். கை தட்டலைக் கேட்டுவிட்டு அவள் பஸ் ஏறியிருக்க மாட்டாள். யாராவது ஒருவர் இனி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான் வருவதை நிறுத்தியிருப்பாள். உன் கடிதத்தில் அந்த ஆள் இல்லை.

அது யார்?

அக்கா

---

மல்லாபுர
27 மார்ச் 1994

அக்காவுக்கு வணக்கம். அவ்வாவுக்கும் ரேணவ்வாவுக்கும் என் விசாரிப்புகள்.

தாமதத்தை மன்னிக்கும் மனு 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலானது. முத்திரை குத்தும்போது நான் கரகுத்ரியின் பக்கத்தில் நின்றேன். கூடவே என் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. நான்கு பக்கம். அதன் ஒன்பதாவது பத்திதான் நீ கேட்டதற்குப் பதில்.

இறுதிச் சுற்றில் நேரம் பார்த்து மணி அடிப்பது என் வேலை. நஸ்ரீன் பேசிக்கொண்டிருக்கும்போது ஹனுமவ்வா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சனிக்கிழமை என்று வழக்கம்போல வந்திருக்கிறாள். பின்னறை பூட்டியிருந்ததால், மண்டப வாசலில் வைத்திருந்த பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டுக் கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டாள். நீதிபதி முடிவைப் படித்ததும் எழுந்து நின்று கைகூப்பினாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். விருந்தினர்களுக்குச் சாப்பாடு தயாராக இருந்தது. வாசலில் என் கையைப் பிடித்து, "இனிமே நான் வர வேண்டாமாப்பா?" என்றாள். "வேண்டாம்மா, நாங்க எழுதறோம்" என்றேன். ஒரு சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்தேன்.

அந்த ஆள் நான்தான்.

சங்கத்தின் பொதுக்குழு 17ஆம் தேதி கூடியது. உண்மையைச் சங்கத்தின் பெயரிலேயே எழுதித் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஆதரவு 23, எதிர்ப்பு 31. "அப்ப கப்பையும் திருப்பிக் கொடுத்துடலாம். அதையும் அபிடவிட்ல எழுது" என்றான் ஹெப்பள்ளி. சிலர் சிரித்தார்கள். சட்ட உதவி மையத்தை மூடிவிடுவார்கள், நூறு பேருக்குக் கிடைக்கிற உதவி ஒருத்திக்காக நிற்கும் என்றார் இனாம்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் செயலாளர் பதவிக்கு அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, என் பெயரில் சத்தியம் செய்தேன்.

பதிவேட்டின் ஐந்து பக்கங்களை நஸ்ரீன்தான் ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். "அன்னிக்கு நான் அழுதது மார்க்குக்காக, சங்கமேஷ். அந்தம்மா பின்னால உட்கார்ந்திருக்காங்கன்னு யாரும் எங்கிட்டச் சொல்லலை" என்றாள்.

கரகுத்ரி நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார். "இந்த மாதிரி அபிடவிட்டை முப்பது வருஷத்துல நான் தாக்கல் பண்ணினதில்லை. எல்லாருக்கும் காமாலைதான் வரும்" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் நீ சன்னத் கேட்டுப் போகும்போது, வக்கீலாகப் பதிவு பண்றவங்க இதை எடுத்து வச்சுக் கேப்பாங்க. தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். பேனாவைக் கொடுத்தார்.

சங்கமேஷ்

---

ஹொசகேரி
7 ஏப்ரல் 1994

அன்புள்ள தம்பிக்கு. அவ்வாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் உனக்குச் சோள ரொட்டி தட்டி வைத்தாள். இத்துடன் அனுப்புகிறேன்.

ரேணவ்வாவுக்கு 2ஆம் தேதி காலை ஐந்து பத்துக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. நான்தான் எடுத்தேன். வலியில் அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள்.

5ஆம் தேதி சிறையில் ஹனுமவ்வாவைப் பார்த்தேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். எடையை இரண்டு முறை கேட்டாள். பிறகு நீ எழுதியதைச் சொன்னேன். அவளுக்குப் புரிய நேரமானது.

"அந்த ஜட்ஜய்யா ஜட்ஜு இல்லையா?"

"முந்தி ஜட்ஜா இருந்தவர். அன்னிக்கு இல்ல."

"எழுதிக்கிட்டே இருந்தாரே."

"மார்க் போட்டாரு."

"எனக்கா?"

"பேசின பிள்ளைங்களுக்கு."

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. நான் சொல்ல நெனச்சு வராததையெல்லாம் சொல்லுச்சு" என்றாள். உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும், உன்னிடம் அனுப்பியது நான்தானே. மணி அடித்து எல்லோரையும் போகச் சொன்ன பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டாள். "இந்தத் தடவை நெஜக் கோர்ட்டுதானே? உன் தம்பிகிட்டக் கேட்டு, எழுதி வாங்கிட்டு வா. வாயால சொன்னா வேண்டாம்" என்றாள்.

எழுதி அனுப்பு.

அக்கா

---

மல்லாபுர
12 ஏப்ரல் 1994

அக்காவுக்கு வணக்கம். நேற்று உகாதி. ஹாஸ்டலில் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தார்கள். அவ்வாவின் ரொட்டியை நான்கு பேர் சாப்பிட்டோம். ரேணவ்வாவையும் குழந்தையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு மாவட்ட நீதிமன்றப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஹனுமவ்வாவின் மனு 18ஆம் தேதி திங்கட்கிழமைக்கு வருகிறது. அன்றைய வரிசையில் பதினான்காவது. நானே படித்தேன். பிறகு கிளார்க்கின் பதிவேட்டிலும் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

அவளுக்காகத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்கு எழுத்து வராது, எண் தெரியும். அதனால் வழக்கு எண்ணை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன்: 87. அது கோர்ட் கொடுத்த எண். எங்கள் போட்டிக்கு அப்படி ஓர் எண் இருந்ததில்லை. சிறை அலுவலகத்திலும் இதே எண்ணில் நோட்டீஸ் வந்திருக்கும். அங்கே கேட்டு ஒத்துப்பார்க்கச் சொல். ஒத்துப்போகாவிட்டால் என்னை நம்ப வேண்டாம் என்றும் சொல். அன்று அவளை அழைத்து வரமாட்டார்கள். யாரும் கை தட்டமாட்டார்கள். நீதிபதி கேட்டால் கூண்டில் ஏறி ஒன்பதாவது பத்தியை வாயால் சொல்ல வேண்டியவன் நான். அங்கி எனக்கு இல்லை.

சனிக்கிழமை பின்னறையைப் பூட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். நஸ்ரீனும் நானும் வெளிப்படியில் உட்கார்ந்து எழுதி, அன்றைக்கே கரகுத்ரியின் அலுவலகத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறோம். போன வாரம் ஆறு பேர்.

தாமதத்தை மன்னித்தால் அன்றே தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்பதாகக் கரகுத்ரி சொல்லியிருக்கிறார். அரசுத் தரப்பு எதிர்த்து மனுப் போட்டிருக்கிறது. உத்தரவு திங்கட்கிழமை மாலையே வரலாம். ஒத்திப்போட்டால், கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூடுமுன், 29ஆம் தேதிக்குள் வரவேண்டும். அதுவரை அவள் உள்ளேதான். இன்றோடு நாற்பத்தொரு நாள்.

திங்கள் மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி டெலிபோன் பக்கத்தில் இரு. என்ன உத்தரவானாலும் நானே பேசுகிறேன்.

சங்கமேஷ்